சங்கத்தில் கைப்பேசி: சில அன்றாடச் சங்கடங்கள்

கூலி பட்டுவாடா நாளன்று சங்கத்துத் திண்ணையில் கூடும் அங்கத்தினர்கள், மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசி முடித்தபின் எடுத்துக்கொள்ளும் விஷயம் இப்பொழுதெல்லாம் கைப்பேசியாகவே இருக்கிறது. "இது வந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போயின" என்பார் ஒருவர். "இது வந்திராவிட்டால் கூலி வாங்க இன்னும் பாங்கு வாசலில்தானே நின்றுகொண்டிருப்போம்?" என்பார் மற்றொருவர். மூன்றாமவர், "கத்தி மாதிரிதானண்ணே, பிடிக்கிறவன் கையில் இருக்கிறது" என்று நடுவில் நின்றுகொள்வார். இம்மூன்று அபிப்பிராயங்களிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் தணிக்கைக்காக ஊர் ஊராகச் செல்லும் நமக்கு இவற்றால் அதிகப் பயன் ஏற்படுவதில்லை. சங்கங்களில் நாம் காணும் சங்கடங்கள் இவ்வளவு பெரிய கேள்விகளாக வருவதில்லை. மிகச் சிறிய உருவத்திலேயே வருகின்றன. குழுவில் வந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பதில் கூறாமலிருப்பவர் சம்மதித்தவர் ஆவாரா? வயதில் மூத்தவர் அனுப்பும் பொய்ச் செய்தியை எல்லோர் முன்னிலையிலும் மறுக்கலாமா? புதிதாக நெய்த முந்தியைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டலாமா, கூடாதா? அம்மாவின் கூலிப்பணம் மகனுடைய கைப்பேசிக்குள் கிடந்தால் அது யாருடைய பணம்? இப்படிப்பட்டவற்றைப் பற்றியே இக்கட்டுரையில் சிறிது விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. "எங்களுக்கு இந்த யந்திரமெல்லாம் விளங்காதுங்க" என்று கூறும் தறிக்காரரை நாம் நம்புவதில்லை. அவருடைய தறியின்மேல் ஏற்றியிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியைப் பாருங்கள். துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து படிகின்றன. துளை உள்ள இடத்தில் ஊசி உட்செல்கிறது. அதைச் சேர்ந்த கொக்கி பாவிழையைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் இழை கீழேயே தங்கிவிடுகிறது. தூக்கு, தூக்காதே என்னும் இரண்டே கட்டளைகளைக் கொண்டு மயிலும் மாங்காயும் முந்தியில் பிறக்கின்றன. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த இந்த ஏற்பாட்டைக் கண்டே, இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் 1830களில் தாம் திட்டமிட்ட கணிப்பு யந்திரத்துக்கும் துளையட்டைகளை உபயோகிக்க எண்ணினார். அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டின் ஜனக் கணக்கைத் துளையட்டைகளைக் கொண்டே ஹெர்மன் ஹாலரித் எண்ணிமுடித்தார். இன்றைய கைப்பேசியின் வயிற்றினுள்ளும் நடப்பது உண்டு, இல்லை என்ற இரு குறிகளின் விளையாட்டே. அட்டை வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது தூரத்து உறவு என்றே கூறலாம்.

இனிக் குழுவுக்கு வருவோம். அநேகமாக எல்லாச் சங்கங்களிலும் இப்பொழுது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நூல் வந்துவிட்டது, பாவு தயார், கூலி நாளை, ரகம் மாற்றம் ஆகிய செய்திகளைச் சொல்வதற்கென்றே அது ஏற்படுத்தப்பட்டது. முதல் மாதம் அவ்வாறே நடந்தது. இரண்டாம் மாதம் காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கின. பிறகு சுவாமி படங்கள், பல்வலிக்கு வைத்தியம், தேர்தல் பேச்சு, யாரோ ஒருவருடைய பேரனின் பிறந்தநாள். இவ்விதப் படங்களால் கைப்பேசியில் இடமே இல்லாமற்போவது நம் நாட்டில் மிகவும் சகஜம். கூகிள் நிறுவனம் 2017 டிசம்பரில் டில்லியில் நடந்த விழாவில், தேவையற்ற கோப்புகளைக் கழித்துக் கட்டுவதற்கென்றே ஒரு செயலியை வெளியிட்டது. படங்களைக் கழித்துவிடலாம், ஆனால் அப்படங்களுக்கு நடுவே புதைந்துபோன அறிவிப்பை என் செய்வது? காலை ஏழு மணிக்குப் போட்ட 'நூல் வழங்கல் இன்று பத்து மணிக்கு' என்னும் ஒரு வரி, ஒன்பது மணிக்குள் நாற்பது பூங்கொத்துக்களுக்கு அடியில் போய்விடுகிறது. பத்து மணிக்கு வராதவருடைய தறி அன்று நிற்கிறது. தறி நின்றால் கூலியும் நிற்கிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. குழு அமைப்பாளர் மட்டுமே செய்தி போடலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி 2018 முதல் இருக்கிறது. சில சங்கங்களில் அதை உபயோகித்தார்கள், உடனே, "ஜனநாயகச் சங்கத்தில் அங்கத்தினரின் வாயைக் கட்டுவதா?" என்ற கூச்சல் எழுந்தது. அக்கூச்சலில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம். குறை கூற இடமில்லாத குழு, சங்கத்தின் சுவரில் ஒட்டிய விளம்பரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஆகவே அறிவிப்புக்கு ஒரு மூடிய குழுவும் பேச்சுக்கு ஒரு திறந்த குழுவும் வைத்துக்கொள்வதே உத்தமம். பேச்சுக் குழுவில் பூங்கொத்து வரட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்தது நீல வரைகளின் தொல்லை. செய்தியை ஒருவர் படித்துவிட்டால் அதன் ஓரத்திலுள்ள இரு சிறு வரைகளும் நீலமாக மாறும் ஏற்பாடு 2014 நவம்பரில் வந்தது. தனிச் செய்திகளில் இதனை ஒருவர் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். குழுவில் நிறுத்த இயலாது. யார் யார் படித்தார்கள் என்பதை அனுப்பியவர் பெயர் பெயராகப் பார்க்கலாம். இதிலிருந்து ஒரு விபரீத வழக்கம் முளைத்திருக்கிறது. சில சங்கங்களில், "தீர்மானத்தைக் குழுவில் போட்டோம், இன்னின்னார் படித்தார்கள், ஒருவரும் மறுக்கவில்லை, ஆகவே ஏகமனதாக நிறைவேறியது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதும் அளவுக்குப் போய்விட்டார்கள். பார்வை வேறு, இசைவு வேறு. அடுப்பில் குழம்பு கொதிக்கும்பொழுது ஒரு கையால் திரையைத் தொட்டவரும் 'படித்தவர்' ஆகிவிடுகிறார். கட்டைவிரல் படத்தைப் போட்டவர்கூடத் தீர்மானத்தை ஆதரித்தாரா, அல்லது 'தகவல் கிடைத்தது' என்றாரா என்பது அவருக்கே சில சமயங்களில் தெரிவதில்லை. சங்கத்தின் துணைவிதி கூட்டம் எவ்வாறு கூட்டப்பட வேண்டும், அறிவிப்பு எவ்வாறு சேர்ப்பிக்கப்பட வேண்டும், எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கூறுகிறதோ, அவ்வாறு நடந்தால்தான் அது கூட்டம். குழுவில் போடுவது அதற்கு மேற்பட்ட உதவியே ஒழிய, அதற்குப் பதில் ஆகாது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. செய்தி அனுப்பப்பட்டபொழுது ஒருவருடைய கைப்பேசி இணைப்பில்லாமல் இருந்தால், அச்செய்தி நிறுவனத்தின் கணினியில் 30 நாட்கள் காத்திருக்கும். அதற்குள் அவர் இணைப்புக்கு வராவிட்டால் அது அழிக்கப்பட்டுவிடும். தறிக்கு வேலையில்லாத மாதத்தில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டவருக்கு, அந்த மாதத்துச் செய்தி எக்காலத்திலும் கிடைக்காது. யாருக்கு அறிவிப்பு மிகவும் அவசியமோ அவருக்கே அது எட்டாமற்போகிறது என்பதைக் காரியதரிசிகள் கவனிக்க வேண்டும். கதவைத் தட்டிச் சொல்லும் பழைய சிப்பந்தியை நாம் சில சங்கங்களில் இன்னும் காண்கிறோம். அவரை வீட்டுக்கு அனுப்பும் காலம் வந்துவிடவில்லை.

பொய்ச் செய்தி என்னும் விஷயம் மேற்கூறியவற்றைக் காட்டிலும் கொடியது. 2018 மே மாதத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிக்கொண்டு திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமமொன்றுக்குச் சென்ற குடும்பத்தினரைக் குழந்தை பிடிப்பவர்கள் என்று எண்ணி ஊரார் அடித்ததில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். கைப்பேசி வழியாகப் பரவிய வதந்திதான் அதற்கு முன்னோடி. அவ்வாண்டிலே நாட்டின் வேறு பல இடங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதன் பின்னரே, பிறரிடமிருந்து வந்த செய்தியைத் திருப்பி அனுப்பினால் அதனைக் காட்டும் குறி ஏற்பட்டது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதென்ற வரம்பும் வந்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கினார்கள். ஓரத்தில் இரட்டை அம்புக் குறி தென்பட்டால், அது பல கைகள் மாறி வந்த சரக்கென்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் வரம்புகளை விட நமக்கு உதவக்கூடிய சோதனை ஒன்று சங்கத்திலேயே இருக்கிறது. தேதியும் கையொப்பமும் இல்லாத ரசீதை எந்தத் தணிக்கையாளரும் ஏற்பதில்லை. கைமாறி வரும் செய்திக்கு அநேகமாக இவ்விரண்டும் இருப்பதில்லை. விவசாய அங்கத்தினர் குழுக்களில் ஒரு பூச்சிமருந்துக் குறிப்பு பல ஆண்டுகளாகச் சுற்றி வருவதைக் கண்டிருக்கிறோம். அதில் எண்டோசல்பான் சிபாரிசு செய்யப்பட்டிருக்கிறது. அம்மருந்தின் உற்பத்தியையும் விற்பனையையும் உபயோகத்தையும் உச்ச நீதிமன்றம் 2011-லேயே தடுத்துவிட்டது. எழுதியவர் எழுதிய நாளில் அது தவறாக இருந்திராமலும் இருக்கலாம். தேதி உதிர்ந்துவிட்டதால் நேற்றைய உண்மை இன்றைய விஷமாகிவிட்டது. 2022 நவம்பருக்குப் பின் புழக்கத்துக்கு வந்த, கேட்ட கேள்விக்கு மனிதனைப் போலவே விடை எழுதும் செயலிகளையும் இப்பொழுது இளைஞர்கள் மருந்தளவு கேட்கிறார்கள். அவை தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே நிதானத்துடன் சொல்லக்கூடியவை. பயிரின் பெயரை அறிந்துகொள்ளக் கேட்கலாம். ஏக்கருக்கு எத்தனை மில்லி என்பதை மருந்துப் புட்டியின் சீட்டில்தான் படிக்க வேண்டும், அல்லது 1800-180-1551 என்னும் கட்டணமில்லாத உழவர் அழைப்பு மையத்தில் கேட்க வேண்டும். அந்த மையம் 2004 முதல் நடக்கிறது. அங்கே தமிழிலேயே பேசலாம்.

பொய்யை அனுப்பியவர் பெரியவராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம்முடைய அபிப்பிராயம் இது. விஷயம் யாருக்கும் கெடுதி செய்யாததாயின், தனியே அழைத்து, "பெரியப்பா, நீங்கள் அனுப்பினது பழைய செய்தியாம்" என்று சொன்னால் போதும்; குழுவில் அவரை வெட்கப்படுத்துவதால் உண்மை வளருவதில்லை. பணத்தையோ உயிரையோ தொடுவதாயின், தாமதமின்றிக் குழுவிலேயே மறுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு வருத்தம் உண்டானால் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் கூறிக்கொள்ளலாம். அமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை: குழுவில் பிறர் போட்ட செய்திக்கு அமைப்பாளர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்பதவியை ஏற்க அஞ்ச வேண்டியதில்லை.

இப்பொழுது நெசவாளர்களுக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். படம்.

ஒரு நெசவாளர் மூன்று மாதம் சிந்தித்து, அட்டை வெட்டுவித்து, புதிய கரையும் புதிய முந்தியும் கொண்ட சேலை ஒன்றை இறக்குகிறார். தறியிலிருந்து அறுத்த அன்று மாலையே அவர் மகள் அதைக் கொடியில் போட்டுப் படம் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைக்கிறாள். அதில் தவறென்ன? அப்பாவின் கைத்திறனைப் பற்றிய பெருமை அது. இருபது பேர் பாராட்டுகிறார்கள். இருவர் விலை கேட்கிறார்கள். மூன்று வாரத்தில் அதே முந்தி, விசைத்தறியில் ஓட்டி, மூன்றிலொரு பங்கு விலையில் கடைத்தெருவில் தொங்குகிறது. நெசவாளர் சங்கத்துக்கு ஓடிவந்து, "நம்ம டிசைனைப் பதிவு பண்ணிவிடுங்கய்யா" என்கிறார். அப்பொழுது அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் கசப்பானது.

வடிவமைப்புகள் சட்டம், 2000 என்னும் மத்தியச் சட்டத்தின்படி, புதிய வடிவமைப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே இந்தியாவிலோ வேறு தேசத்திலோ அது பொதுமக்களுக்கு வெளிப்படுத்தப்பட்டிருக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு. திருடன் வெளிப்படுத்தியதா, உரியவரே வெளிப்படுத்தியதா என்பது வேறு வழக்கு. உரியவரே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டால், 'புதியது' என்று வாதாடுவது மிகவும் கடினமாகிவிடும். தேதியும் நேரமும் படத்துடனேயே இருக்கின்றன. எதிர்க்கட்சியார் அதையே சாட்சியாகக் கொண்டுவருவர்.

"அப்படியானால் காட்டாமல் எப்படி விற்பது?" என்று கேட்பார்கள். மிகவும் நியாயமான கேள்வி. காட்டாத துணியை வாங்குவார் இல்லை. சட்டத்தை எழுதியவர்களும் இதை அறிந்தே, 16-ஆம் பிரிவில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். நம்பிக்கையின் பேரில், வெளியிடக் கூடாதென்ற நிலையில் ஒருவருக்குக் காட்டுவது, பதிவைக் கெடுக்கும் வெளியீடு ஆகாது. அத்துடன், பதிவு செய்ய உத்தேசித்துள்ள புதிய ஜவுளி வடிவமைப்புக்கு இரகசியமாகப் பெறும் முதல் ஆர்டரை ஏற்பதும் வெளியீடாகக் கருதப்படாது. ஜவுளிக்கென்றே பெயர் சொல்லி இச்சலுகை அப்பிரிவில் இடம்பெற்றிருப்பது நம் அங்கத்தினர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே முறை இதுதான். முதலில் சங்கத்திடம் காட்டுக. சங்கம் விண்ணப்பம் அனுப்பட்டும். அவசரமாகக் கொள்முதல்காரருக்குக் காட்ட வேண்டுமாயின், 'இது பதிவுக்கு முன்னுள்ள புதிய வடிவமைப்பு, இரகசியமாக அனுப்பப்படுகிறது, பிறருக்குக் காட்டலாகாது' என்று எழுதி, அவர் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, அவர் ஒப்புக்கொண்ட பதிலையும் பத்திரமாக வைத்துக்கொள்க. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பின் மகள் தாராளமாகப் படம் போடட்டும்.

எல்லா வடிவத்தையும் இவ்வாறு காத்துவிட முடியாது என்பதையும் கூறிவிட வேண்டும். ருத்திராட்சமும் மாங்காயும் கோபுரக் கரையும் நம் பாட்டன் காலத்தவை. அவற்றுக்கு யாரும் தனியுரிமை கோர முடியாது. அவற்றை விசைத்தறியில் ஓட்டுவதைத் தடுக்க வேறு சட்டம் இருக்கிறது. கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகங்களைப் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமே அது. ஒதுக்கப்பட்ட ரகத்தை விசைத்தறியில் நெய்வது அச்சட்டப்படி குற்றம். கைத்தறித் துறையின் அமலாக்கப் பிரிவினரிடம் புகார் கொடுக்கலாம். புகாருக்கு, கடையில் வாங்கிய துணியும் ரசீதும் வேண்டும். கைப்பேசியில் எடுத்த திரைப்பிரதி மட்டும் போதுமென்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும், முன்னிருந்த சட்டத்தைப் போலவே, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் ஒன்று இணைக்கப்பட வேண்டும் என்கிறது. திரைப்பிரதியை யார் வேண்டுமாயினும் உண்டாக்கலாம் என்பதே இதற்குக் காரணம்.

திரைப்பிரதி என்றதும் பணம் ஞாபகத்துக்கு வருகிறது. சங்க விற்பனை நிலையத்தில் துணி வாங்குபவர், "பணம் போட்டாச்சும்மா" என்று கைப்பேசியைத் திருப்பிப் பச்சைக் குறியைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பச்சைக் குறியைப் போலியாக உண்டாக்கும் செயலிகள் இருக்கின்றன. விற்பனையாளர் வாடிக்கையாளருடைய கைப்பேசியைப் பார்ப்பதில் பயனில்லை; சங்கத்தின் கணக்கில் வரவு வந்ததா என்பதையே பார்க்க வேண்டும். 'அவரைச் சந்தேகிப்பதாகாதா?' என்று கூச்சப்படுகிறார்கள். ரூபாய் நோட்டை எண்ணி வாங்குவதற்கு யாரும் கூச்சப்பட்டதில்லையே! மேசையில் ஒட்டியிருக்கும் சதுரப் புள்ளிப் படத்தையும் தினம் காலையில் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஜப்பானில் 1994-ல் மோட்டார் உதிரிப்பாகங்களை அடையாளம் காண்பதற்கென்று உண்டாக்கப்பட்ட இப்படத்தை மனிதக் கண் படிக்க முடியாது. அதன்மேல் வேறொருவர் தம்முடையதை ஒட்டிச் சென்றாலும் நமக்குத் தெரியாது.

பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை எக்காலத்திலும் அழுத்த வேண்டியதில்லை. 2016-ல் யூ.பி.ஐ. தொடங்கிய நாள் முதல் இதுதான் விதி. 'உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறோம், எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று ஏமாற்றும் தந்திரம் பெருகியதனால், ஒரு தனிநபர் மற்றொரு தனிநபரிடம் பணம் கோரி அனுப்பும் வசதியே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் ஏமாற்றுக்காரர் சும்மா இருப்பதில்லை. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் உதவித்தொகையின் பெயரால் குழுக்களில் வரும் கோப்பைத் தொட்டவுடன், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளெல்லாம் அவர் கைக்குப் போய்விடுகின்றன. அரசாங்கம் செயலியை வாட்ஸ்அப் வழியாகக் கோப்பாக அனுப்புவதில்லை. பணம் போய்விட்டது தெரிந்தால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கும் பாங்குக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் பாங்கு 2017-ல் வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு நல்ல பிரிவினையை வகுத்தது: வாடிக்கையாளரே இரகசியத்தைக் கொடுத்திருந்தாலும், பாங்குக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் அவருடையதன்று. ஆகவே வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு நாழிகைக்கும் ரூபாயில் விலை உண்டு.

உடனடிக் கடன் தரும் செயலிகளைப் பற்றி விரிக்க இங்கு இடமில்லை. கடன் வாங்குபவரின் கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களையும் படங்களையும் செயலி தொடலாகாது என்று ரிசர்வ் பாங்கு 2022-ல் விதித்திருக்கிறது. தொட அனுமதி கேட்கும் செயலி எதுவாயினும் அதை விட்டு விலகுக.

கைப்பேசி யாருடையது என்ற கேள்வி பெண் அங்கத்தினர்கள் விஷயத்தில் எழுகிறது. கூலி அம்மாவின் கணக்குக்குப் போகிறது. கணக்குடன் இணைந்த எண் மகனுடையது. இரகசிய எண்ணும் மகனுக்கே தெரியும். கேட்டால், "அவன்தாங்க எல்லாம் பார்த்துக்கிறான்" என்று பெருமையுடன் கூறுகிறார்கள். பல வீடுகளில் இதனால் ஒரு கெடுதியும் இல்லை. சில வீடுகளில், பாவு முடித்த கூலி வந்ததே அம்மாவுக்குத் தெரியாமற்போகிறது. குடும்ப விவகாரத்தில் சங்கம் தலையிட முடியாதுதான். எனினும் கூலி போட்ட நாளும் தொகையும் எழுதிய சீட்டை அங்கத்தினர் கையிலேயே கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. பொத்தான் அழுத்தும் சாதாரணக் கைப்பேசியிலும் பணம் அனுப்பும் முறை 2022 மார்ச்சில் வந்திருக்கிறது. ஒருவர் தம் கணக்கிலிருந்து வரம்புக்குட்பட்டுச் செலவிட மற்றொருவருக்கு அனுமதி அளிக்கும் முறையும் 2024-ல் வந்தது. அதில் இரகசிய எண்ணைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மகனுக்கு உதவி செய்ய விருப்பமிருந்தால் அதற்கு இதுவே மரியாதையான வழி.

எண் மாறுவதும் சிறு விஷயமன்று. ரீசார்ஜ் செய்யாமல் துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். சங்கப் பதிவேட்டிலோ பழைய எண்ணே இருக்கும். நம் தணிக்கையில் சில சங்கங்களில் பதிவேட்டு எண்களை அழைத்துப் பார்த்தபொழுது, அங்கத்தினரை அறியாத வெளியூர்க்காரர்கள் பேசினார்கள். அங்கத்தினரின் கூலித் தகவல் அந்த முன்பின் தெரியாதவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கொருமுறை பங்குத்தொகை சரிபார்க்கும்பொழுது எண்ணையும் சரிபார்த்துக் கையொப்பம் வாங்குவது ஒரு நாள் வேலை.

கடைசியாக, காரியதரிசி மாறும்பொழுது நடப்பதைக் கூற வேண்டும். புதியவர் பொறுப்பேற்கையில் ரொக்கம், சரக்கிருப்பு, பதிவேடுகள், சாவிகள் எல்லாம் பட்டியல் போட்டு ஒப்படைக்கப்படுகின்றன. குழு மட்டும் ஒப்படைக்கப்படுவதில்லை. ஏனெனில் அது பழையவருடைய சொந்த எண்ணில் ஆரம்பிக்கப்பட்டது. மனவருத்தத்துடன் போகிறவராயின் குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறார். 2022 முதல் ஓசையின்றியே வெளியேறலாம். ஒரே அமைப்பாளராக இருந்தவர் வெளியேறினால், அங்கத்தினர்களில் யாரோ ஒருவரைச் செயலியே அமைப்பாளராக நியமித்துவிடுகிறது. அவர் யார், அவருக்கு இது தெரியுமா என்பது ஒன்றும் நிச்சயமில்லை. ஆகையால் சங்கத்தின் பெயரில் தனி எண் ஒன்று வாங்கி, அதற்குரிய சிம் அட்டையைக் கையிருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அந்த எண்ணையே குழுவின் அமைப்பாளராக வைத்து, நிர்வாகக் குழுவில் மற்றொருவரையும் துணை அமைப்பாளராகச் சேர்க்க வேண்டும். அந்த எண்ணின் ரீசார்ஜ் செலவைச் சில்லறைச் செலவினத்தில் எழுதலாம். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிகளுக்கு அடுத்த வரியில், 'சங்கக் கைப்பேசி ஒன்று, சிம் அட்டை ஒன்று, குழு இரண்டு' என்று எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். அடுத்த தணிக்கையிலிருந்து இவ்வரியை நாம் தேடிப் பார்ப்போம்.